ஓடுகிறவரைக்கும் டகோட்டா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காமல் வளர்ந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இருக்க முடியாது. நெல் மூட்டை ஏற்றப்போகும் சரக்கு வண்டி முன்னும் பின்னும் நகரும், கேட் விழும், ஒருபக்கம் கும்பகோணம் சாலை வரைக்கும், மறுபக்கம் மன்னார்குடி சாலை வரைக்கும் வண்டிகள் நிற்கும். நான் பள்ளிக்கூடம் போன நாளில் அந்த வரிசையில் ஒரு பஸ்ஸை மட்டும் பார்க்காமலே சொல்லிவிடலாம். கேட்டில் நிற்கும்போதும் அதன் இஞ்சினை டிரைவர் அணைக்க மாட்டார். அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. உடம்பில் இருந்த தகரம் மொத்தமும் இஞ்சினோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். ஐப்பசி மழையில் மேல்தகரம் ஒழுகும். உள்ளே உட்கார்ந்துகொண்டே குடை பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் நெற்றியில் ஃபார்கோ என்று இரும்பு எழுத்தில் பெயர் இருந்தது. ஆனால் ஊரில் ஒருவர்கூட அதை அப்படிச் சொன்னதில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி என்னைப் பார்த்துக் கேட்பார்: “ஏண்டா தம்பி, டகோட்டா போயிடுச்சா?”

நீடாமங்கலத்துக்கு இது புதிதல்ல. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மனின் மனைவி யமுனாம்பாள் பெயரால் எங்கள் ஊருக்கு யமுனாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. ஏட்டில் அது இருந்தது. வாயில் நீடாமங்கலம் இருந்தது. வாய்தான் வென்றது. ஃபார்கோவும் அப்படித்தான் டகோட்டாவிடம் தோற்றது.

ஆடிப்போன சைக்கிள், கால் ஒடிந்து செங்கல்லில் நிற்கும் பெஞ்சு, முனகிக்கொண்டு சுற்றும் மின்விசிறி என்று எல்லாவற்றையும் நாம் டகோட்டா என்கிறோம். சிலர் அழுத்தி, டக்கோட்டா என்பார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர், “உடம்பு டகோட்டா ஆயிப்போச்சு” என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இவ்வளவு புழக்கத்தில் இருக்கும் இந்தச் சொல் எப்போது, எங்கிருந்து வந்தது?

முதலில் காலத்தை வரையறுத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பு வந்தது. அதில் இந்தச் சொல்லைத் தேடிப் பயனில்லை. டகோட்டா என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோன பொருள் அந்தப் பெயரைப் பெற்றதே 1940களில்தான். ஆகவே தமிழில் இதன் வரலாறு அதற்கு முன்னால் போகாது.

அடுத்து எழுத்து. தமிழ் மரபில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் மொழிமுதலாக ஏற்றுக்கொண்ட எழுத்துகளில் அது இல்லை. ஆகவே டகரத்தில் தொடங்கும் நம் சொற்கள் பெரும்பாலும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று, டம்ளர், டவுன், டாக்டர் போல வெளியிலிருந்து வந்தவை. இன்னொன்று, டமால், டொக், டக் போல ஓசையிலிருந்து பிறந்தவை. டகோட்டா முதல் வீட்டில் பிறந்து இரண்டாவது வீட்டில் வளர்ந்த சொல் என்பது என் எண்ணம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

டகோட்டா என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோன அந்தப் பொருள் ஒரு விமானம். அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி கட்டிய இரட்டை இஞ்சின் விமானம், டிசி-3. 1935 டிசம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் அது முதலில் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் ஆன நாள். 21 பேர் உட்காரலாம். வால்பக்கம் சின்னச் சக்கரத்தில் தாழ்ந்து நிற்பதால், தரையில் இருக்கும்போது உள்ளே தளம் சரிவாக இருக்கும். முன்வரிசைக்காரர்கள் மேடு ஏறித்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப்போர் வந்ததும் அது படைக்கு வேண்டிய சுமைவண்டி ஆயிற்று. எல்லா வகையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். அமெரிக்கப் படை அதை சி-47 என்றும் ஸ்கைட்ரெயின் என்றும் குறித்தது. டகோட்டா என்று பெயரிட்டது பிரிட்டிஷ் விமானப்படை.

இந்தப் பெயருக்கு விளக்கமாக ஒரு கதை சொல்வார்கள். டக்ளஸ், ஏர்கிராஃப்ட், கம்பெனி, டிரான்ஸ்போர்ட், ஏர்கிராஃப்ட் என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களில் கம்பெனிக்கு முதல் இரண்டு எழுத்தும் மற்றவற்றுக்கு முதலெழுத்துமாகக் கோத்தால் டகோட்டா வருகிறது என்பது அது. காதுக்கு இனிமையான விளக்கம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அமெரிக்காவிலிருந்து வாங்கிய விமானங்களுக்கு அமெரிக்க ஊர்ப்பெயர், மாநிலப்பெயர்களை இடுவது பிரிட்டிஷாரின் வழக்கம். பாஸ்டன், பால்டிமோர், மேரிலாண்ட் எல்லாம் அந்தக் காலத்துப் போர்விமானங்களின் பெயர்களே. அந்த வரிசையில் டகோட்டா தானாகப் பொருந்துகிறது. முதலெழுத்துப் பொருத்தம் பிறகு கண்டுபிடித்த அழகாகவோ, பெயரிட்டவர்களுக்குக் கிடைத்த கூடுதல் மகிழ்ச்சியாகவோ இருக்கலாம். சொல்லாராய்ச்சியில் மிக அழகாகப் பொருந்தும் விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, அந்த நிலத்துக்கு டகோட்டா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வட அமெரிக்காவின் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட பெயர் டகோட்டா. அவர்கள் மொழியில் அதற்குத் தோழர், உறவு கொண்டவர், ஒருவருக்கொருவர் துணையானவர் என்று பொருள். அவர்களுக்கு மேற்கே இருந்த கிளையினர் நாக்கில் டகரம் லகரமாகி லகோட்டா ஆயிற்று. வெளியார் இவர்களை சூ என்றார்கள். அது வேற்றினத்தார் சொன்ன பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து வந்தது. தாங்கள் வைத்துக்கொண்ட பெயர், தோழர்.

அந்தத் தோழர்களை வரலாறு நடத்திய விதம் கொடுமையானது. 1861இல் அவர்கள் பெயராலேயே டகோட்டா பிரதேசம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, மின்னசோட்டாவில் பசியும் ஏமாற்றமும் தாங்காமல் போர் மூண்டது. 1862 டிசம்பர் 26 அன்று மன்காட்டோ என்ற ஊரில் டகோட்டா ஆண்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மிச்சமிருந்தவர்களை அந்த மாநிலத்திலிருந்தே துரத்தினார்கள். 1889இல் பிரதேசம் வட டகோட்டா, தென் டகோட்டா என்று இரு மாநிலங்கள் ஆயிற்று. மனிதர்கள் போன பிறகும் பெயர் நிலத்தில் தங்கியது. நிலத்திலிருந்து அது விமானத்தில் ஏறியது.

போர் முடிந்தபோது இந்தியாவில் இந்த விமானங்கள் ஏராளமாக நின்றன. பர்மா முனைக்குச் சாமான் சுமந்தவை இவைதான்; 1944இல் இம்பால் முற்றுகையில் சிக்கிய படை பிழைத்ததும் இவை கொண்டுவந்து இறக்கியதால்தான். போர் உபரி என்று, வந்த விலைக்கு விற்றார்கள். பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் படைவிமானங்களைப் பிரித்துச் செப்பனிட்டு, பயணிகள் விமானமாக மாற்றிக் கொடுத்தார்கள். மதராஸ், ஐதராபாத், கல்கத்தா, டெல்லி என்று எங்கும் சின்னச் சின்ன விமானக் கம்பெனிகள் முளைத்தன. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, ஹிமாலயன் ஏவியேஷன், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் என்று பெயர்கள் வேறு வேறு, நின்றதெல்லாம் டகோட்டா. அந்த நாளில் ஒரு கம்பெனி தொடங்குவதற்கு வேண்டியது சில டகோட்டாக்களும் அவற்றை ஓட்டப் போரிலிருந்து திரும்பிய சில விமானிகளும்தான்.

1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீர்ப் போருக்காக ஸ்ரீநகரில் முதல் சீக்கியப் படைப்பிரிவை இறக்கியவை விமானப்படையின் டகோட்டாக்கள். அந்த நாட்களில் தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களும் ஆளும் தளவாடமும் சுமந்து அந்தப் பாதையில் ஓடின. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பிய சீதா தேவி என்ற டகோட்டா, காங்கேசன்துறை வழியாக மதராஸ் வந்து இறங்கியது. பின்னர் கொழும்பு–திருச்சி வழியிலும் டகோட்டா பறந்தது. நம் பக்கத்துக் காதுகளுக்கு இந்தப் பெயர் அறிமுகமாகத் திருச்சியும் மீனம்பாக்கமுமே போதும்.

1949இல் தொடங்கிய இரவுத் தபால் திட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. மதராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று நான்கு மூலைகளிலிருந்தும் விமானங்கள் இரவில் கிளம்பும். நள்ளிரவில் நாக்பூரில் கூடும். தபால் பைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பும். டெல்லியில் வேலைபார்த்த மகன் எழுதிய கடிதம் நாக்பூர் நடுநிசியைக் கடந்து மதராஸ் வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்கள் ஊர்த் தபால்காரர் பையில் விழுந்தது. வாங்கிப் படித்த அப்பனுக்கு டகோட்டாவைத் தெரியாது. தெரியாவிட்டாலும் அது அவருக்குத் தோழனாகத்தான் இருந்தது.

நெல் விளையும் ஊர்க்காரன் சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. பாதையே இல்லாத வடகிழக்கு மலைகளுக்கு அரிசி போனது டகோட்டாவில். விமானப்படையும் கலிங்காவும் அந்த வேலையைச் செய்தன. அரிசிக்குப் பாராசூட் கட்டவில்லை. ஒரு சாக்குக்குள் தளர்வாக அரிசியைக் கட்டி, அதை இன்னொரு சாக்குக்குள் போட்டுத் தைப்பார்கள். விழும் வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். கதவைக் கழற்றிவிட்டு, பள்ளத்தாக்குக்குள் தாழப் பறந்து, வாசலில் நிற்பவர் காலால் உந்தித் தள்ளுவார். நீடாமங்கலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு சாக்கின் தையல் எப்போது விடும் என்று கைக்கே தெரியும். அந்த இரட்டைச் சாக்கைக் கண்டுபிடித்தவரும் அப்படிப்பட்ட ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

1953இல் அரசு எட்டு கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, உள்நாட்டுப் பயணத்துக்கு இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தது. தொடங்கிய நாளில் அதனிடம் இருந்த 99 விமானங்களில் 74 டகோட்டா. அதாவது, அன்றைக்கு இந்தியாவில் விமானம் ஏறினேன் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அவர் ஏறியது டகோட்டாவாகவே இருக்கும்.

பெயர் கீழே இறங்கத் தொடங்கியதும் அந்த உச்சத்திலிருந்துதான். 1957இல் வைகவுண்ட் வந்தது. 1961இல் ஃபாக்கர் ஃபிரெண்ட்ஷிப், 1964இல் ஜெட் விமானமான கேரவல், அப்புறம் கான்பூரில் கட்டிய ஆவ்ரோ. புதியவை மேகத்துக்கு மேலே போயின. டகோட்டா மேகத்துக்குள் குலுங்கிக்கொண்டு போனது. மழையில் விமானியின் முன்கண்ணாடி ஓரம் ஒழுகி முழங்கால் நனையும் என்பது டகோட்டா ஓட்டியவர்கள் பலர் சொன்ன அனுபவம். ஆனால் மற்றவை போகாத ஊர்களுக்கு அதுதான் போனது. மண்தரையில் இறங்கியது. உதிரிபாகம் கிடைக்காவிட்டால் இன்னொரு டகோட்டாவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பறந்தது. விமான நிலையத்தில் பெரியதும் புதியதும் நிற்க, ஓரத்தில் வாலைத் தாழ்த்திக்கொண்டு நின்ற பழையது என்று ஆயிற்று. பழையது என்றால் டகோட்டா. பிறகு டகோட்டா என்றால் பழையது.

நல்ல பொருளில் இருந்த சொல் தாழ்வதை இழிபொருட்பேறு என்பார்கள். நாற்றம் என்றால் ஒரு காலத்தில் மணம். இன்று யாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. டகோட்டாவுக்கும் அந்த விதி நேர்ந்தது. ஆனால் வயது மட்டும் ஒரு சொல்லை இப்படி இழுத்துவிடாது. ஆவ்ரோவுக்கும் வயதானது, ஃபாக்கருக்கும் வயதானது. ஆவ்ரோ சைக்கிள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கேதான் அந்த இரண்டாவது வீடு வருகிறது. டகோட்டா தமிழ்க் காதில் விழுந்தபோது அங்கே ஏற்கெனவே டக், டொக், டமார், டப்பா எல்லாம் காத்திருந்தன. சொல்லின் பின்பாதியில் ஓட்டை என்பதன் சாயல் கேட்டது. ஆட்டம் காண்பதற்கும் ஒழுகுவதற்கும் வேண்டிய ஓசை இரண்டும் ஒரே சொல்லில் தயாராக இருந்தன. ககரத்தை அழுத்தி டக்கோட்டா என்று சொன்னவர்கள் அந்த ஓசையைத்தான் இன்னும் துலக்கினார்கள். பொருளைக் காலம் கொடுத்தது. அதை நிலைக்கச் செய்தது ஓசை. கன்னடத்திலும் ஆடிப்போன வண்டிக்கு டகோட்டா என்றே பெயர். டகோட்டாக்களைப் பிரித்துச் செப்பனிட்டது பெங்களூர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தஞ்சை மண்ணில் இன்னொரு முரணும் உண்டு. விமானம் என்ற சொல் நமக்கு முதலில் கல். பெரிய கோயிலின் 216 அடி ஸ்ரீவிமானம் 1010இல் இருந்து அசையாமல் நிற்கிறது. பறக்கும் வண்டிக்கும் அந்தச் சொல்லையே கொடுத்தோம். பிற்காலத்தில் வாயுதூத் நிறுவனம் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் இடையே சின்ன விமானம் விட்டது. டார்னியர், அதுவும் இரட்டை இஞ்சின், 19 பேர் உட்காரலாம். காற்றின் மகன் தூது போன கதை தெரிந்த ஊருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! போதிய ஆள் ஏறாமல் நின்றுபோனது, பெயரும் போய்விட்டது. வாயுதூத் பேச்சில் ஒட்டவில்லை. ஒரு பெயர் மக்கள் வாயில் தங்க வேண்டுமானால் அந்தப் பொருள் அவர்களோடு கிழடாக வேண்டும். வாயுதூத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. டகோட்டாவுக்குக் கிடைத்தது.

எங்கள் வயலில் ஒரு ஆயில் இஞ்சின் இருந்தது. வெண்ணாற்றின் மூணாறு தலைப்பில் தண்ணீர் வரத் தாமதமான ஆண்டுகளில் நாற்றங்கால் அதை நம்பித்தான். அப்பா அதை டகோட்டா என்பார். கிளப்புவது ஒரு சடங்கு. மேலே உள்ள சின்ன லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மாட்டி, முதலில் மெதுவாக, பிறகு வேகமாகச் சுற்ற வேண்டும். சக்கரம் வேகம் பிடித்த கணத்தில் லீவரைத் தட்டிவிட வேண்டும். ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு டக், டக், டக். கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடும். டகோட்டா விமானத்தையும் கிளப்புவதற்கு முன்னால் விசிறியைக் கையால் பிடித்துச் சில சுற்று தள்ளுவார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது. வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்களில் கீழே உள்ளவற்றில் இரவில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அதைச் சுற்றி வெளியேற்றாமல் கிளப்பினால் இஞ்சின் உடையும். பழைய இயந்திரத்துக்கு ஓட்டுபவனின் கை தெரியும். ஓட்டுபவனுக்கும் அதன் நோய் தெரியும்.

ஒருநாள் அந்த இஞ்சின் நின்றது. ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டார். களத்து மேட்டில் ஒரு வருஷம் சாக்கு மூடிக் கிடந்தது. கடைசியில் எடைக்குப் போட்டோம். அப்போது அப்பா சொன்னது: “இந்தப் பழைய இரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லு.” டகோட்டா என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை. கேட்டில் நின்ற பஸ்ஸுக்கும் அப்படித்தான். தடத்திலிருந்து எடுத்து ஒரு ஷெட்டின் பின்னால் நிறுத்திய பிறகு அது காயலான் கடைச் சாமான் ஆயிற்று; டகோட்டா ஆகவில்லை.

எந்த அகராதிக்காரரும் கவனிக்க வேண்டிய நுட்பம் இது. கெட்டுப்போனதை, நின்றுபோனதை, செத்ததைத் தமிழர் டகோட்டா என்பதில்லை. ஆடும், ஒழுகும், முனகும், ஆனாலும் போய்க்கொண்டிருக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். “உடம்பு டகோட்டா ஆயிப்போச்சு” என்ற பெரியவர் அன்று காலையில் கடைத்தெருவுக்கு நடந்தே வந்திருந்தார். அப்பாயி, டகோட்டா போயிடுச்சா என்று கேட்டது அதில் ஏறி மகள் வீட்டுக்குப் போவதற்காக. நையாண்டி மேலே தெரிகிறது. அதன் கீழே, இன்னும் நம்மைச் சுமக்கிற ஒன்றின்மேல் உள்ள நன்றி இருக்கிறது.

2018இல் இந்திய விமானப்படைக்கு ஒரு டகோட்டா திரும்பி வந்தது. டகோட்டா ஓட்டிய ஒரு விமானப்படை அதிகாரியின் மகன், அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர், பழைய விமானம் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக் கொடுத்தார். பரசுராமா என்று பெயரிட்டார்கள். வால்பக்கம் எழுதிய எண் வி.பி. 905, 1947இல் ஸ்ரீநகர் போன டகோட்டாவின் எண். பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு அது கப்பலில் வரவில்லை. நாடு நாடாக இறங்கி ஏறி, தானே பறந்து வந்தது.

புல்வெளியில் வாழ்ந்த ஒரு இனத்து மக்கள் தங்களைத் தோழர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் நிலம் போயிற்று, சொல் போகவில்லை. அது ஒரு விமானத்தில் ஏறி, போரைக் கடந்து, தபாலும் அரிசியும் சுமந்து, வெண்ணாற்றங்கரையில் ஒழுகுகிற ஒரு பஸ்ஸின் பெயராக வந்து சேர்ந்தது. தேய்ந்து தேய்ந்து வந்தாலும், கூட வருகிற துணை என்ற பொருளை அந்தச் சொல் வழியில் எங்கேயும் இறக்கிவைக்கவில்லை. இன்று அப்பாயி இல்லை. கேட் இன்னும் விழுகிறது. வரிசையில் எங்கோ ஒரு பழைய வண்டி அணைக்காத இஞ்சினோடு ஆடிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் பையன் அதைப் பார்த்து, “டகோட்டா” என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான்.